ஆடி மாதத்துச் சப்பாத்தி

எங்கள் வீட்டில் ஏகாதசியன்று அரிசி உலை ஏறாது. அப்பா பெருமாளுக்கு நேர்ந்துகொண்ட விரதம் அது. விரதம் என்று பெயரே தவிர, அன்றைக்குத்தான் எல்லாரும் வயிறு முட்டச் சாப்பிடுவார்கள். காலையில் கோதுமை ரவை உப்புமா, மத்தியானம் சப்பாத்தி, ராத்திரி மிஞ்சிய சப்பாத்தி. மறுநாள் துவாதசிச் சாப்பாட்டுக்கு வீடே உட்கார்ந்திருக்கும்போது நான் மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடப்பேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. மற்ற நாட்களிலும் வயிற்றுவலி உண்டு, பேதி உண்டு, ஆனால் வளர்ச்சிதான் இல்லை. பூச்சி மருந்து, சத்து டானிக், மந்திரித்த கயிறு எல்லாம் பார்த்தாகிவிட்டது. பக்கத்து வீட்டில் பட்டு நூல் சுற்றும் அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, என் நோயை எப்போதோ கண்டுபிடித்துவிட்டாள்.

"இஸ்கூலுக்குப் போவாம இருக்க வேஷம் போட்டுக்கினு கீது பா உன் பொண்ணு."

ஞாயிற்றுக்கிழமையும் வலிக்கிறதே என்று நான் கேட்டேன். அதற்கு வாய்க்கொழுப்பு என்று பெயர் வந்தது.

ஏகாதசிக்கும் என் வயிற்றுக்கும் இருந்த உறவை முதலில் கவனித்தவள் அம்மா. ஒரு மார்கழியோடு எனக்குக் கோதுமை, மைதா, ரவை அத்தனையையும் நிறுத்தினாள். பிஸ்கட்டும் பரோட்டாவும் போயின. மெல்ல மெல்ல வலியும் போனது. வைகாசியில் கருட சேவை பார்க்கக் கூட்டத்தில் முண்டியடித்து ஓடினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனாலும் வீடு நம்பவில்லை. சொந்தக்காரர் கல்யாணத்தில் என் இலையிலிருந்த கேசரியை அம்மா எடுத்துவிட்டதை அத்தை தெருத்தெருவாகச் சொன்னாள். அம்மாவுக்குப் பித்து என்கிற அளவுக்குப் பேச்சு வளர்ந்தது.

அம்மா ரோஷக்காரி. கோதுமை ஆகாத உடம்பா என்று ரத்தத்தைச் சோதித்தால் தெரிந்துவிடும் என்று யாரோ சொல்ல, என்னைக் குழந்தைகள் டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள். என் வயிற்றின் வரலாறு முழுவதையும் ஒப்பித்தாள். தன்னிஷ்டத்துக்குப் பத்தியம் வைத்ததற்குத் திட்டுவார்களோ என்று பயந்து, கோதுமையை நிறுத்தியதை மட்டும் சொல்லவில்லை. போதாததற்கு, ரத்தம் கொடுப்பதும் கோயிலுக்குப் போவது மாதிரிதான், சுத்தமாகப் போக வேண்டும் என்பது அவள் எண்ணம். அந்த வாரம் கோதுமை மாவு டப்பாவையே பரண்மேல் ஏற்றிவிட்டாள்.

முடிவு வந்தது. ஒன்றும் இல்லை.

அப்பா சிரித்தார். அத்தை பாதுஷா வாங்கி வந்து தெருவுக்கே கொடுத்தாள். அம்மா மட்டும் சமையலறையில் உட்கார்ந்து அழுதாள். பிள்ளைக்கு நோய் இல்லை என்றால் எந்தத் தாயாவது அழுவாளா என்று எனக்குக் கோபம் வந்தது.

மறுநாளே மறுபடியும் டாக்டரம்மாவிடம் போனோம். இந்த முறை அம்மா எதையும் மறைக்கவில்லை. டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"ஏம்மா, கோதுமை உள்ள போனாத்தான் இவ உடம்பு அதோட சண்டை போடும். அந்தச் சண்டையோட அடையாளத்தைத்தான் ரத்தத்துல தேடுறோம். நீங்க ஆறு மாசமா சண்டையையே நிறுத்திட்டீங்க. அப்புறம் எப்படித் தெரியும்?"

நிச்சயமாகத் தெரிய வேண்டுமென்றால் ஒன்றரை மாதமாவது தினமும் கோதுமை சாப்பிட்டுவிட்டு வரவேண்டும் என்றார். தாங்கமுடியாமல் போனால் உடனே கூட்டி வரவும் சொன்னார்.

அப்பாவுக்கு மனம் கேட்கவில்லை. "அதான் நிறுத்தினதும் நல்லா ஆயிடுச்சே. அப்படியே வுட்டுடு மா. கொழந்தைய ஏன் வதைக்கணும்?"

"வுட்டா? நாளைக்கு நான் இல்லாத எடத்துல இவ வேணான்னு சொன்னா யாரு நம்புவாங்க? ஊட்லயே நம்பல. நாலு பேரு கட்டாயப்படுத்தி ஊட்டுவாங்க. ஆமாவா இல்லயான்னு எனக்குத் தெரிஞ்சாவணும்."

தெருவெல்லாம் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் ஆடி மாதத்தில் எனக்குச் சப்பாத்தி ஊற்றாத குறை. பள்ளிவிட்டு வந்தால் தட்டு தயாராக இருக்கும். நான் அழுவேன், கெஞ்சுவேன். அம்மா எதிரில் சப்பணமிட்டு உட்கார்ந்து, கடைசித் துண்டு உள்ளே போகும்வரை எழுந்திருக்க மாட்டாள். பிறகு வலி வரும். நான் கூடத்தில் படுத்து முனகினால் அவள் உள்ளே போய் மிக்சியைப் போட்டுவிடுவாள். கேட்டால், சட்னி அரைக்கிறாளாம். உலகத்திலேயே கல்நெஞ்சுக்காரி என் அம்மாதான் என்று நான் உறுதியாக நம்பினேன். பெரியவளானதும் அவளோடு பேசப்போவதில்லை என்று பெருமாள் படத்தின் முன்னால் சத்தியமும் செய்தேன்.

ஆவணியில் மறுபடியும் ரத்தம் எடுத்தார்கள். இந்த முறை டாக்டரம்மா தாளைத் திருப்பிக் காட்டி ஓர் எண்ணைச் சுற்றி வட்டம் போட்டார். அந்தச் சண்டையின் அடையாளம் இருக்க வேண்டிய அளவைவிடப் பல மடங்கு இருந்தது. பிறகு குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்து, அதேதான் என்று உறுதியாகச் சொன்னார்கள். வாழ்நாள் முழுவதும் கோதுமை கூடாது.

அம்மா சிரித்தாள். வரும் வழியில் எனக்கு மல்லிகைப்பூ வாங்கினாள், கோயில் வாசலில் கற்பூரம் ஏற்றினாள். வீட்டுக்கு வந்ததும் அப்பாவையும் அத்தையையும் உட்காரவைத்து அந்த வட்டத்தைக் காட்டினாள். அத்தை தாளை வாங்கி வட்டத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு என் தலையைத் தடவி, "கேசரி வேணான்னா சொல்லு தங்கம், அரிசி மாவுல எதுனா செஞ்சு தரேன்" என்றாள். பிற்பாடு, கடைப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருக்கும் என்று கண்டுபிடித்து ஊருக்கெல்லாம் சொன்னவளும் அவள்தான்.

நோய் இல்லை என்றபோது அழுது, இருக்கிறது என்றபோது பூ வாங்கிய அம்மாவை வெகுகாலம் எனக்குப் புரியவில்லை. அந்த ஆடி முழுக்கச் சாயங்காலம் தவறாமல் மிக்சி ஓடியதே, ஒரு நாளாவது தட்டில் சட்னி வந்ததா என்று கேட்கவும் எனக்குத் தோன்றவில்லை.