அலை எழுப்பாத படகு

ஓக்லாந்துக்குத் தெற்கே, புக்கெகோஹியில் வெங்காயம் தரம் பிரித்து மூட்டை கட்டும் கொட்டகை ஒன்று எனக்கு இருந்தது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் வேறொருவனின் தோட்டத்தில் குனிந்து நின்று வெங்காயம் பிடுங்கினேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் அதே ஆளின் வெங்காயம் என் கொட்டகைக்கு வந்து, என் தராசில் ஏறி, என் லொறியில் போனது. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. படித்தவர்கள் பெயருக்குப் பின்னால் பட்டம் போடுகிறார்கள். என் பெயர் லொறியின் பக்கவாட்டில் ஓர் ஆள் உயரத்துக்கு எழுதியிருந்தது.

ஆங்கிலம் மட்டும் முழுதாக வரவில்லை. வெங்காயம் விற்கும் அளவுக்குத் தெரியும். அதற்கு மேலே கதைக்க மகன் இருந்தான். சின்னப் பிள்ளையாக என்னோடு விமானம் ஏறியவன், வளர்ந்து ஓடர் எடுத்தான், லொறி ஓட்டினான், மோர்ட்கேஜ் கடன்காரனோடு கதைத்தான். கொட்டகையை அவன் கையில் கொடுத்துவிட்டுச் சாவது என்று நான் முடிவு செய்திருந்தேன். அவனிடம் அதைக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய விஷயமாக அது எனக்குத் தோன்றவில்லை.

ஒரு குளிர்காலத்தில், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, சிநேகிதர்கள் பிரிஸ்பனுக்குப் போகிறார்கள், தானும் போகலாம் என்று யோசிப்பதாகச் சொன்னான். எங்கள் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டாம். பஸ் ஏறுவதுபோல ஏறிப் போய்விடலாம்.

"அங்க என்ன கிடக்கு?" என்றேன்.

"வெயில் கிடக்கு அப்பா. வருசம் முழுக்கத் தண்ணியில நிக்கலாம்."

அந்த நாட்களில் அவனுக்கு வேக்போர்ட் பைத்தியம். இரண்டு காலையும் ஒரு பலகையில் பூட்டிக்கொண்டு, ஓடும் போட்டின் பின்னால் கயிற்றைப் பிடித்தபடி போய், போட் கிளப்புகிற அலையில் ஏறிப் பாய்வது. அவர்களை இழுத்துத் திரிந்த போட் ஒரு சிநேகிதனுடைய தகப்பனுடையது. அந்த மனிதர் அதை விற்றுவிட்டார். பிறகுதான் இந்தப் பிரிஸ்பன் கதை தொடங்கியது. எனக்குக் கணக்கு உடனே விளங்கியது. பிள்ளைக்கு நாடு பிரச்சினை இல்லை, போட்தான் பிரச்சினை.

"உனக்குப் போட்தானே வேணும்? நான் வாங்கித் தாறன். இங்கயே நில்."

"வேண்டாம் அப்பா. அதுக்கில்லை."

அவன் வேண்டாம் என்றது உண்மை. ஆனால் எங்கள் வீட்டில் ஒருவர் சோறு வேண்டாம் என்றால் இன்னொரு அகப்பை போடுவோம். தட்டின் மேலே கையை விரித்து மறைத்தாலும் விரலிடுக்கால் குழம்பை ஊற்றுவோம். கொடுத்தவுடனே வாங்கினால் மரியாதை இல்லை என்று அவனுக்குச் சொல்லி வளர்த்ததும் நாங்கள்தான். இன்னும் சில தடவை வேண்டாம் என்றான். நன்றாக வளர்ந்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

போட் பார்க்க எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. பருத்தித்துறைக் கரையில் மீசை முளைக்க முந்தியே வள்ளங்களின் மெஷினைப் பிரித்துப் பூட்டியவன் நான். அலைக்குள் நின்றுபோன மெஷினை அலைக்குள்ளேயே வைத்துக் கிளப்பியிருக்கிறேன். மகனுக்கு வேண்டியது எஞ்சின் உள்ளே இருக்கிற வகை. வெளியே தொங்கும் எஞ்சின் என்றால் அதன் காற்றாடி பின்னால் கயிற்றில் வருகிறவனுக்கு ஆபத்து. உள்ளே இருப்பதில் அது அடியில் மறைந்திருக்கும். அதுவரை அவன் சொன்னான். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

முதல் போட் ஹென்டர்சனில். வயிறு பெருத்த போட். எஞ்சினைக் கடைசிப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். கடற்கழியில் இறக்கி ஓட்டினோம். பின்பக்கம் தாழ்ந்து, தண்ணீரைக் கிழித்து, இரண்டு பக்கமும் தொடை உயரத்துக்கு அலையைத் தள்ளிக்கொண்டு போனது. மகன் பின்னால் திரும்பி அந்த அலையையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் காலடியைப் பார்த்தேன். தரை மிதித்த இடத்தில் அமுங்கியது. எஞ்சினைத் தாங்கும் மரச்சட்டத்தை ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டினேன். நல்ல மரம் கணீரென்று சொல்லும். இது ஊறின கருவாட்டுப் பெட்டியைத் தட்டியதுபோல் இருந்தது.

"வேண்டாம்" என்றேன்.

"அப்பா, அலை நல்லா வருது."

"தண்ணியை உழுது எண்ணெயைக் குடிக்கிற சாமான். மரமும் உக்கிப்போச்சு. ஒரு நாளைக்கு எஞ்சின் அடியால போகும்."

மரம் உக்கியது உண்மை. இன்றைக்கும் அந்தப் பேச்சில் ஒரு சொல்லை நான் மாற்ற மாட்டேன்.

இரண்டாவது ஒடாஹுஹுவில், கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு வீட்டில். விற்கிறவன் என் வயதுக்காரன், வெள்ளைக்காரன். கராஜுக்குள் போர்வை போர்த்தி வைத்திருந்தான். எஞ்சின் நடுவில், ஒரு பெட்டிக்குள். எண்ணெய் அளக்கிற கம்பியை இழுத்துப் பார்த்தேன். பால் நிறம் இல்லை, அப்படியென்றால் உள்ளே தண்ணீர் போகவில்லை. கியர் எண்ணெயை மணந்தேன். தீய்ந்த மணம் இல்லை. காற்றாடியைக் கையால் சுற்றினேன். தண்டு நெளியாமல் சுழன்றது. உப்புத் தண்ணீரில் இறக்கவே இல்லை என்று அவன் சொன்னதாக மகன் சொன்னான். சொல்வதற்கு யாரால்தான் முடியாது. எஞ்சினைக் குளிர்விக்கிற தண்ணீர் போகும் குழாய் ஒன்றைக் கழற்றி, உள்பக்கத்தை விரலால் வழித்து நாக்கில் வைத்தேன். ரப்பரும் துருவும். உப்பு இல்லை. கடற்கரையில் பிறந்தவனின் நாக்கை ஏமாற்ற முடியாது. வெள்ளைக்காரன் வாயைத் திறந்தபடி நின்றான்.

பிறகு அவன் மகனிடம் ஏதோ கேட்டான். மகன் பதில் சொன்னான். அவன் தலையை ஆட்டி, போட்டின் பின்பக்கத்தைக் காட்டி, துணிக்கு இஸ்திரி போடுவதுபோலக் கையைத் தட்டையாக இழுத்து, நிறைய நேரம் கதைத்தான்.

"என்ன சொல்லுறான்?"

"நல்ல போட் எண்டு சொல்லுறார்."

"இவ்வளவு நேரமும் அதையோ சொன்னவன்?"

"வடிவா வைச்சிருந்தவராம் அப்பா."

துவாக்காவ் பாலத்தடியில், வைக்காட்டோ ஆற்றில் இறக்கி ஓட்டிப் பார்த்தோம். அப்படி ஒரு போட்டை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. அந்த வேகத்தில் போகிறது, பின்னால் தண்ணீர் ஒன்றும் நடக்காததுபோல மூடிக்கொள்கிறது. அலை எழுப்பாமல் ஓடுகிற வள்ளத்துக்கு எங்கள் கரையில் சண்டை பிடிப்பார்கள்.

"பாத்தியே? நுரைகூட இல்லை."

"ஓம் அப்பா."

அந்நியன் முன்னால் தகப்பனை மறுத்துக் கதைக்கக் கூடாது. அதையும் நான்தான் பழக்கியிருந்தேன். அந்த ஓமைக் கேட்டுக்கொண்டு அந்த இடத்திலேயே விலை பேசிக் கை கொடுத்தேன்.

கோடை தொடங்கியதும் முதல் ஓட்டம். மனைவி ட்ரெய்லரின் சில்லுகளுக்கு எலுமிச்சம்பழம் வைத்தாள், போட்டின் முன்மூக்கில் சந்தனம் பூசினாள். நான் இறங்குதுறையில் தேங்காய் உடைத்தேன். அங்கே நின்ற மீன்பிடிகாரர் இரண்டு பேர் தொப்பியைக் கழற்றினார்கள். செத்தவீட்டுச் சடங்கு என்று நினைத்தார்களோ தெரியாது.

மகன் கொட்டகையிலிருந்து வெங்காய மூட்டைகள் கேட்டிருந்தான்.

"என்னத்துக்கு?"

"பின்பக்கத்துக்குப் பாரம் வேணும்."

வள்ளத்துக்கு மண்மூட்டை போடுவது எனக்குத் தெரியும். நல்ல யோசனை என்று கொடுத்தேன். அவனுடைய சிநேகிதன் ஒருவனும் வந்திருந்தான், மலேசியாத் தமிழன், வாய் ஓயாதவன். மகன் என்னையும் தாயையும் கூப்பிட்டு ஏற்றினான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாலு பேருமாக, என் காசில் வாங்கின போட்டில். எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது.

"அங்கிள், நடுவுல வேணாம், பின்னால உக்காருங்க லா" என்றான் சிநேகிதன். "ஆன்ட்டி, நீங்களும். அந்த மூட்டைப் பக்கத்துல."

உட்கார்ந்தோம். அவன் ஓட்டினான். மகன் பலகையைப் பூட்டிக்கொண்டு கயிற்றில் வந்தான். பின்னால் கணுக்கால் உயரத்துக்கு ஒரு அலை. அதில் ஏறிப் பாயப் பார்த்தான், விழுந்தான். திரும்பவும் விழுந்தான். சிநேகிதன் எங்களை இன்னும் நெருங்கி இருக்கச் சொன்னான்.

"அங்கிள் நல்ல வெயிட்டுதான், ஆனா பத்தல."

அப்போதுதான் விளங்கியது. அலை வரவேண்டும் என்பதற்காக என்னையும் மனைவியையும் வெங்காயத்தோடு அடுக்கியிருந்தார்கள்.

"பிரிஸ்பன்ல இந்த மூட்டை வேலையே வேணாம் அங்கிள்" என்றான் அவன். "அங்க ஒருத்தன்கிட்ட பெரிய போட்டு இருக்கு. நீங்களும் வந்து பாருங்க."

"எங்க வாறது?"

"நாங்க போனப்புறம். டிக்கெட்டுதான் எடுத்தாச்சே. இவன் சொல்லலையா?"

சொல்லிவிட்டுத் தண்ணீரில் கிடந்த மகனைப் பார்த்தான். எஞ்சினை நிறுத்தினான். மகன் நீந்தி வந்து ஏறித் துவாயைப் போர்த்தினான். எங்கள் முகத்தைப் பார்த்ததும் அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"எப்ப எடுத்தனீ?"

"குளிர் நேரம்."

"போட் பாக்கிறதுக்கு முந்தியோ?"

"ஓம்."

"ஒடாஹுஹுவில அந்த மனுசன் என்ன சொன்னவன்?"

அவன் துவாயால் முகத்தைத் துடைத்துவிட்டுச் சொன்னான். "இது கயித்தில தண்ணிக்கு மேல சறுக்கிற வோட்டர்ஸ்கீக்குக் கட்டின போட். அலை வரக்கூடாது எண்டே கட்டினது. வேக்போர்டுக்குச் சரிவராது, வேற பாருங்கோ எண்டவர்."

"அதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நான் நிக்கப்போறேல்லைத்தானே அப்பா. எந்தப் போட்டா இருந்தா என்ன? நீங்கள் அந்தக் குழாயை நக்கிப் பாத்துக்கொண்டு நல்ல சந்தோசமா நிண்டனீங்கள். எத்தினை தரம் வேண்டாம் எண்டு சொன்னன். நீங்கள் கேட்டனீங்களே?"

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் மூட்டையின் கட்டைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"இஞ்சாருங்கோ, பிள்ளை சொன்னவன்தான்" என்றாள்.

கரைக்கு நான் ஓட்டினேன். ஆறு பின்னால் கோடு விழாமல் கிடந்தது. நனைந்த வெங்காயத்தை விற்க முடியாது. ஒரு கிழமைக்குள் அழுகியது, பக்கத்து மாட்டுப்பண்ணைக்காரனின் வயலில் கொட்டினேன்.

தைப்பொங்கலுக்கு முன் அவன் போய்விட்டான். விமான நிலையத்தில் என் கையைப் பிடித்து, "கோவிக்காதேங்கோ" என்றான். நான் கோபிக்கவில்லை என்றேன். அதுவும் மரியாதைக்குச் சொல்வதுதான். அவன் ஏற்றுக்கொண்டு போனான். இங்கே வளர்ந்த பிள்ளைகள் தங்களுக்கு வசதியான நேரத்தில் மட்டும் எங்கள் சொல்லை அப்படியே நம்புவார்கள்.

போட்டை அடுத்த கோடையில் ஒரு குடும்பத்துக்குக் கொடுத்தேன். தகப்பனும் இரண்டு பெண்பிள்ளைகளும், சறுக்குகிற ஆட்கள். அதே பாலத்தடியில் ஓட்டிக் காட்டினேன். அந்த ஆள் பின்னால் திரும்பித் தட்டையான தண்ணீரைப் பார்த்துச் சிரித்தான். பெண்களைக் கூப்பிட்டுக் காட்டினான். ஓக்லாந்து முழுக்கத் தேடியும் இப்படி ஒன்று கிடைக்கவில்லை என்றான். அந்த அளவு ஆங்கிலம் எனக்கு விளங்கும். நான் தெரிந்தெடுத்தது நல்ல போட்தான். இன்னொருவனின் பிள்ளைகளுக்கு.

அந்த ட்ரெய்லரை இழுக்க என் வான் வண்டியின் பின்னால் ஓர் உருண்டைக் கொக்கி பூட்டியிருந்தேன். அது இன்னமும் அங்கேதான் இருக்கிறது. மூட்டை ஏற்றும்போது கணைக்காலில் இடிக்கும். கழற்றிப் போடுங்கோ என்று மனைவி சொல்லுவாள். ஒருமுறை முயன்றும் பார்த்தேன், அசையவில்லை. நான் பூட்டினது, இலேசில் கழலாது.