வேலை செய்யாத கருப்பண்ணன்

வல்வில் ஓரி விழா முடிந்த மறுநாள் காலை, ஜெர்மனிக்குப் புறப்பட்ட கருப்பண்ணன் வழக்கம்போல இடுப்பில் கொடுவாளைச் செருகிக்கொண்டுதான் செம்மேடு பேருந்து நிலையத்துக்கு வந்தார். புதுச் சட்டை, புதுக் கால்சட்டை, கழுத்தில் தொங்கும் பாஸ்போர்ட் பை. பின்னிடுப்பில் கொடுவாள். இருபத்தைந்து வருடப் பழக்கத்தில் கை தானாகச் செருகிவிட்டது.

"ஏனுங் மாப்ள, பிளேனுக்குள்ள பொதர் மண்டிக் கெடக்குதாமா?" என்று கேட்டபடி மைத்துனர் சின்னக்கண்ணு அதை உருவிக்கொண்டார். பேருந்து முதல் கொண்டைஊசி வளைவில் திரும்பும்போதே கருப்பண்ணனின் வலது கை பின்னிடுப்பைத் தடவிப் பார்த்தது. அடுத்த பதினைந்து மாதமும் அது தடவிக்கொண்டேதான் இருந்தது.

சோளக்காடு என்ற ஊருக்கு மேலே அவருக்கு ஒன்றரை ஏக்கர் மிளகு. சவுக்கு மரங்களில் ஏறிய கொடிகளில் மிளகு பறிக்க, அவரே வெட்டிச் செதுக்கிய ஒற்றை மூங்கில் ஏணி ஒன்று உண்டு. இருபத்திரண்டு கணு; கணுதான் படி. அவரைத் தவிர வேறு யாரும் பத்தாவது கணுவைத் தாண்டியதில்லை என்பது அவருடைய பெருமை. அந்த ஏணியையும் மிளகு மூட்டையையும் தூக்கித் தூக்கியே அடிவயிற்றில் குடல் இறங்கியிருந்தது. ஆபரேஷன் செய்துகொள்ளச் சொல்லி எழுதிக் கொடுத்த சீட்டு, ஆறு வருடமாக அரிசிப் பானைக்குள் கிடந்தது. "மொளகு முடியட்டுமுங்க" என்பார். மிளகு முடிந்ததும், "சாமை அறுத்துரட்டும்." சாமை அறுத்ததும் மரவள்ளி வந்துவிடும். குனியும்போது இடது கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வலது கையால் வேலை செய்யப் பழகிவிட்டார்.

மனைவி சுகுணா நர்ஸ். மொழி படித்து, பரீட்சை எழுதி, ஜெர்மனியில் ஒரு சிறு ஊரின் மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. கணவரை அழைத்துக்கொண்டதே அந்த வயிற்றுக்காகத்தான். வந்த வாரமே அவர் படம் போட்ட மருத்துவக் காப்பீட்டு அட்டை ஒன்றைக் கையில் கொடுத்தார்.

"ஏனுங்க, இது என்ற சம்பளத்துல புடிக்கறதுலயே வருது. உங்களுக்குன்னு தனியாக் கட்ட வேண்டியதில்லீங்க. நீங்க ஒரு அளவுக்கு மேல சம்பாதிச்சா மட்டும், தனியாக் கட்டோணும்."

கருப்பண்ணன் கேட்டுக்கொண்டது கடைசி வரியை மட்டும்தான். அதிலும் அந்த அளவு என்ன என்று அவர் கேட்கவில்லை. சம்பாதித்தால் அட்டை போய்விடும். அட்டை போனால் ஆபரேஷன் போய்விடும். ரேஷன் கார்டுக்கு வாங்கிய பிளாஸ்டிக் உறையில் அதைப் போட்டு, சட்டைப் பையில் வைத்து, பைக்கு ஊக்கும் குத்திக்கொண்டார்.

சும்மா இருப்பது என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது. இரண்டாம் மாடி வீட்டின் படிக்கட்டை ஒரு நாளைக்கு மூன்று முறை பெருக்கினார். பனி விழுந்தபோது தெரு முழுக்கத் தள்ளி ஒதுக்கினார். தெருக்காரர்கள் நகராட்சியைப் பாராட்டிக்கொண்டார்கள். யாராவது அவரைப் பார்த்துக் கையசைத்தால் மட்டும் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, வானத்தைப் பார்ப்பவர்போல நின்றுகொள்வார்.

ஏப்ரலில் சோதனை வந்தது. கீழ்வீட்டு வெர்னர், ரயில் ஓட்டி ஓய்வுபெற்றவர், எழுபது வயது, தன் தோட்டத்தைக் கொத்த ஆரம்பித்தார். கருப்பண்ணன் மாடியிலிருந்து மூன்று நாள் பார்த்தார். மனிதர் மண்வெட்டியைக் கரண்டி பிடிப்பதுபோலப் பிடித்திருந்தார். நான்காம் நாள் தாங்க முடியாமல் இறங்கிப்போய், பேசாமல் அதை வாங்கிக்கொண்டார். ஆறு நாளில் தோட்டம் முழுவதும் கொத்தி, கல் பொறுக்கி, பாத்தி கட்டி, உருளைக்கிழங்கு ஊன்றியாகிவிட்டது. இடது கை வயிற்றில், வலது கை வேலையில்.

ஆறாம் நாள் வெர்னர் ஐம்பது யூரோ தாள் ஒன்றை நீட்டினார். கருப்பண்ணன் பாம்பைக் கண்டவர்போல நாலடி பின்னால் போனார். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையால் வயிற்றைக் காட்டினார், சட்டைப் பையைக் காட்டினார், மாட்டேன் என்று தலையை ஆட்டினார். வயிற்றுவலி என்று புரிந்துகொண்ட வெர்னர் ஓடிப்போய்ச் சூடாகச் சோம்புத் தண்ணீர் கொண்டுவந்தார். அதைக் குடிக்கலாமா, அதுவும் கூலியாகிவிடுமா என்று கருப்பண்ணனுக்கு ஒரு நிமிடம் குழப்பம்.

கடைசியில் போனை எடுத்து அதனிடம் பேசினார். போன் அதை ஜெர்மனில் சொல்லியது.

"எங்கூர்ல இதுக்குக் காசு கெடையாதுங்க. ஆளுக்கு ஆளு. உங்க காட்டுல நான் ஆறு நாள். எங்க மொளகுக் காட்டுல, ஏணி மேல, நீங்க ஆறு நாள். அவ்ளோதானுங்க."

வெர்னர் இரண்டு தடவை கேட்டார். சிரிக்கவில்லை. உள்ளே போய், சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியில் ஏதோ எழுதினார். இருந்தாலும் மனம் கேட்காமல், போன வருடத்துக் கிழங்கு ஒரு வாளியும் கம்பளிக் குல்லா ஒன்றும் மாடிக் கதவோரம் வைத்துவிட்டுப் போனார்.

ஆபரேஷனுக்கு ஒரு வாரம் இருக்கும்போது தபாலில் அந்தத் தாள் வந்தது. காப்பீட்டு அலுவலகம் வருடாவருடம் கேட்கும் கேள்விதான்: குடும்பத்தில் சேர்க்கப்பட்டவருக்கு வருமானம் ஏதும் உண்டா?

"கெழங்கை எழுது" என்றார் கருப்பண்ணன்.

"எதை?"

"வாளிக் கெழங்கும் குல்லாவும். எழுதிரு புள்ள."

"குல்லாவ எழுதினா ஆபீஸ்ல எல்லாருஞ் சிரிப்பாங்க. சும்மா இருங்க."

"பொய் எழுதிக் குடுத்துட்டுப் போய் மயக்க ஊசி போட்டு, அப்பறம் எந்திரிக்காமப் போயிட்டா?"

சுகுணா பேனாவை எடுத்தார். வருமானம் இல்லை என்று எழுதி, உறையை ஒட்டினார். கருப்பண்ணன் அன்று கிழங்குக் குழம்பைத் தொடவில்லை.

மருத்துவமனையில், கத்தி வைக்கும் முன் பேசிப் பார்க்கிற டாக்டர் முதலில் கேட்டதே, "இவர் என்ன வேலை செய்கிறார்?" என்றுதான். சுகுணா தமிழில் சொல்லி முடிப்பதற்குள் கருப்பண்ணனின் இரண்டு கைகளும் தொடைக்கு அடியில் போய்விட்டன.

"நான் ஒரு வேலையும் செய்யறதில்லீங்கன்னு சொல்லு. பொழுதன்னிக்கும் படுத்துத்தான் கெடக்கறனுங்கன்னு சொல்லு."

டாக்டர் கையைக் காட்டச் சொன்னார். ஒரு கையை மெல்ல உருவி நீட்டினார். உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. நகக்கண்ணில் கருப்பாக ஈரமண். அன்று காலைகூடக் கிழங்குப் பாத்தியை ஒரு எட்டுப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பியிருந்தார். டாக்டர் அந்த விரலையே பார்த்தார். கருப்பண்ணன் உடைந்துவிட்டார்.

"சாமி, கூலி வாங்கலீங்க! ஆறு நாள் கொத்துனது நெசமுங்க. பனி தள்ளுனனுங்க. கெழங்கு ஒரு வாளி, குல்லா ஒண்ணு, சோம்புத் தண்ணி ஒரு கிளாசு. குல்லாவ வேண்ணாத் திருப்பிக் குடுத்தர்றனுங்க!"

சுகுணா இவ்வளவையும், "பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் கொஞ்சம் உதவுவார்" என்று ஒரே வரியில் ஜெர்மனில் சொன்னார். டாக்டர் சிரித்து ஏதோ பேசினார்.

"என்னங்கறாரு?"

"ஆறு வாரத்துக்கு மம்பட்டியத் தொடக்கூடாதுங்கறாரு. எவ்ளோ கனம் தூக்குவீங்கன்னு தெரிஞ்சுக்கத்தான் கேட்டாராம்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"கார்டு?"

"உங்க பையிலதாங்க இருக்குது, ஊக்குப் போட்டு."

வயிற்றில் மூன்று சின்னத் தழும்புகளோடு போன கார்த்திகையில் திரும்பி வந்தார். சுகுணா இன்னும் இரண்டு வருடம் அங்கே வேலை பார்ப்பார். வருடம் ஒருமுறை வந்து போகிறார். "நீங்க ஏனுங்க மறுபடி போகலை?" என்று யார் கேட்டாலும், "சும்மா இருக்கறதுக்கு ஒடம்பு தாங்கலீங்க" என்பார். சோளக்காட்டு டீக்கடையில் சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டாத ஆளில்லை. "பொண்டாட்டி கார்டுல வயித்தத் தெச்சுட்டு வந்த ஒரே மாப்ள எங்க மாப்ளதான்" என்று சின்னக்கண்ணு பேருந்துக்குக் காத்திருப்பவர்களிடமெல்லாம் அறிமுகம் செய்துவைப்பார். கருப்பண்ணன் கோபித்துக்கொள்வதில்லை. "மூணு ஓட்டைதானுங்க" என்று திருத்துவார். "தையலே தெரியாது."

வெர்னர் திருப்பித் தர வேண்டிய ஆறு நாள் கணக்கை ஊரில் யாரும் நம்பவில்லை. கருப்பண்ணனும் மறந்துபோனார். தோட்டம் கொத்தி ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆன பிறகு, இந்தக் கார்த்திகையில், மிளகுக் கொடி பார்த்துக்கொண்டிருந்தபோது போன் சிணுங்கியது. மெஷின் மொழிபெயர்த்த தமிழ்.

"மதிப்பிற்குரிய திரு. கருப்பண்ணன் அவர்களுக்கு. ஜனவரி ஒன்பதாம் தேதி நான் வருகிறேன். ஆறு நாட்கள். எனது விசாவில் வேலை செய்யக்கூடாது என்று எழுதப்பட்டுள்ளது. எனவே தயவுசெய்து எனக்குக் கூலி தராதீர்கள். ஒரு கேள்வி. ஏணியிலிருந்து நான் விழுந்தால் உங்கள் அரசு மருத்துவமனை என்னைப் பார்க்குமா? எனக்கு வயது எழுபத்தொன்று. அன்புடன், வெர்னர்."

அடுத்த பேருந்தில் செம்மேடு போய், அரசு மருத்துவமனையில் நர்ஸ் ராதிகா முன்னால் நின்றார்.

"ஏனுங்க, வெளிநாட்டுக்காரருங்க. இங்க உத்தியோகமில்ல, கார்டில்ல, ஒண்ணுமில்ல. விழுந்துட்டாருன்னாப் பாப்பீங்களா?"

"விழுந்தாத் தூக்கிட்டு வாங்க, கார்டெல்லாம் அப்பறம். எங்கிருந்து விழுவாரு?"

"மொளகு ஏணிங்க."

"வயசு?"

சொன்னார். ராதிகா பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தார். "பாக்கறது பாப்பமுங்க. ஆனா அந்த மனுசனை ஏனுங்க ஏணில ஏத்தறீங்க?"

கருப்பண்ணன் வீட்டுக்கு வந்து, சுவரில் சாய்த்திருந்த இருபத்திரண்டு கணு ஏணியை முற்றத்தில் கிடத்தினார். பின்னிடுப்புக்குப் போன கை இந்தத் தடவை வெறுங்கையாகத் திரும்பவில்லை. அடியில் நாலு கணுவை மட்டும் விட்டுவிட்டு மூங்கிலைக் குறுக்கே வெட்டினார். மிஞ்சியதை மரத்தில் சாய்த்து, தள்ளி நின்று பார்த்தார். மறுபடியும் எடுத்துக் கிடத்தி, இன்னொரு கணுவையும் வெட்டினார்.