ஹாஜியாரின் மணிக்கூட்டுப் பட்டி

அந்தத் தோல் பட்டியில் மயிர்த்துளைகள் மூன்று மூன்றாகக் கூடி இருந்தன. மாட்டுத் தோலில் அப்படி இராது, ஆட்டுத் தோலிலும் இராது. மட்டக்களப்புப் பட்டினத்தில் பத்து வருடமாக மணிக்கூடு திருத்திக்கொண்டிருந்த எனக்கு, விரலால் தடவியே என்ன தோல் என்று சொல்லிவிடுவேன் என்று ஒரு கர்வம் உண்டு. ஆனாலும் அன்று என் கண்ணையே நான் நம்பவில்லை. பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு பட்டியின் உட்புறத்தைப் புரட்டினேன். கொளுக்கியை மடித்துத் தைத்த இடத்துக்குக் கீழே, வேர்வை பட்டு மங்கிப்போன ஆங்கில எழுத்துக்கள் சின்னதாக இருந்தன. பன்றித் தோல் என்று அச்சடித்திருந்தார்கள். அதை என்னிடம் தந்துவிட்டு எதிரே வாங்குப் பலகையில் இருந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தவர் காத்தான்குடி ஹாஜியார்.

ஹாஜியார் இடுப்பில் உடுத்தும் சாரத் துணி வியாபாரி. வீட்டு வளவுக்குள்ளேயே தறிகள் ஓடின. கிழமைக்கு ஒருதரம் மாட்டுக் கரத்தையில் கல்லடிப் பாலம் தாண்டிப் பட்டினத்துக்குத் துணி கொண்டுவருவார். கடைகளுக்குக் கொடுத்து முடிந்ததும் என் கடை வாசலில் மாட்டை அவிழ்த்துவிட்டு, ஒரு மணித்தியாலமாவது இருந்து கதைத்துவிட்டுத்தான் போவார். என்னைவிட இருபத்தைந்து வயது மூத்தவர் என்றாலும் பகிடிக்குக் குறைவில்லை. ஒருநாள் என் நாய் அவருடைய செருப்பை நக்கிவிட்டது. மனிதர் முகம் சுளிக்காமல் கடைக்குப் பின்னால் இருந்த கிணற்றடிக்குப் போய், மண் கரைத்த தண்ணீரில் ஒரு தரமும் வெறும் தண்ணீரில் ஆறு தரமும் செருப்பைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்தார். "நாய்க்கும் பண்டிக்கும் எங்களுக்கு இதுதான் சட்டம், தம்பி" என்றார். "என்ட நாய் உங்கட செருப்பக் கழுவித்தானே தந்தது, ஹாஜியார்" என்று நான் சொல்ல, வெற்றிலை புரையேறும்வரை சிரித்தார்.

மணிக்கூடு அவருடைய மகன் கொழும்பிலிருந்து அனுப்பியது. இரண்டாவது உலகச் சண்டை தொடங்குவதற்குச் சில வருடம் முந்திய காலம். கையில் கட்டும் மணிக்கூடே எங்கள் பக்கத்தில் அருமை. தங்கக் கூடு போட்ட சுவிஸ் மணிக்கூட்டை நானே அதற்கு முன் இரண்டு தரந்தான் திறந்து பார்த்திருந்தேன். புடைவைக் கடையில் வேலை செய்த மகன் நோன்புப் பெருநாளைக்கு வாப்பாவுக்கென்று அதை அனுப்பியிருந்தான். ஹாஜியார் தொழுமுன் கை கால் கழுவி ஒளுச் செய்ய மட்டுந்தான் கழற்றுவார், பிறகு கட்டிக்கொண்டுதான் தொழுவார். பள்ளிவாசலில் மோதினார் தொழுகைக்கு அழைத்துப் பாங்கு சொல்வதற்கு முன் இவருடைய கையைத்தான் எட்டிப் பார்ப்பாராம். அன்றைக்கு என்னிடம் வந்ததும் பெரிய வேலைக்கல்ல. "ஒரு ஓட்ட கூடப் போட்டுத் தாங்க, தம்பி. கையில நிண்டு ஆடுது" என்றார், அவ்வளவுதான்.

அந்த நேரத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. ஒரு மாதத்துக்கு மேலாக அதைக் கட்டிக்கொண்டு ஐந்து வேளையும் தொழுத மனிதரிடம், மகன் ஆசை ஆசையாக அனுப்பிய பொருளைப் பற்றி எப்படிச் சொல்வது? சொன்னால் அவர் மனம் உடைந்துவிடும், மகனோடு முகம் முறிந்துவிடும் என்று பயந்தேன். தெரியாத விஷயம் அவரை என்ன செய்யப்போகிறது, நானே சத்தமில்லாமல் சரிப்படுத்திவிடுகிறேன் என்று முடிவு செய்தேன். "ஹாஜியார், இந்த உப்புக் காத்துக்குத் தோல் நிக்காது. துணியில ஒரு பட்டி போட்டுத் தாறன், வாற கிழமை வாங்க" என்றேன். அவருக்கு மனமில்லை. "மகன் அனுப்பின பட்டியெல்லோ" என்று இரண்டு தரம் சொன்னார். பிறகு, "ஒங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகுது" என்று விட்டுவிட்டுப் போனார். அந்த நம்பிக்கை என்னைச் சுட்டது.

அந்த மணிக்கூட்டில் பட்டி கோர்க்கும் கம்பிகள் கூட்டோடு பற்றவைத்தவை. பழைய பட்டியை வெட்டித்தான் எடுக்கவேண்டும், வெட்டினால் திரும்பப் பொருத்த முடியாது. தெரிந்தே வெட்டினேன். பின்மூடியைத் திறந்து இயந்திரத்தை வெளியே எடுத்து ஒரு கண்ணாடிக் கோப்பையால் கவிழ்த்து மூடினேன். வெறும் தங்கக் கூட்டையும், பழைய பட்டியில் இருந்த தங்கக் கொளுக்கியையும் கிணற்றடிக்குக் கொண்டுபோய், செருப்புக்கு அவர் செய்ததை அப்படியே செய்தேன். மண் கரைத்து ஒரு தரம், வெறும் தண்ணீரில் ஆறு தரம். சைவ சமயக்காரன் ஒருவன் குந்தியிருந்து இப்படித் தண்ணீரை எண்ணிக்கொண்டிருந்ததை யாராவது கண்டிருந்தால் எனக்கு மூளை பிசகிவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள். எனக்கோ ஒரு குறையும் வைக்கவில்லை என்று உள்ளுக்குள் பெருமை.

ஹாஜியாரின் தறியில் நெய்த புதுச் சாரம் ஒன்று என்னிடம் இருந்தது. நூல் நெருக்கமாக ஓடும் அதன் கரையில் ஒரு முழம் வெட்டி எடுத்து, நாலாக மடித்து, மெழுகு பூசிய நூலால் இரண்டு ஓரமும் நடுவிலும் நெருக்கித் தைத்தேன். துணி தடித்தால் கம்பிக்குள் நுழையாது, மெலிந்தால் ஒரு மாதத்தில் பிய்ந்துவிடும். இரண்டு தரம் பிரித்துத் தைத்த பிறகுதான் அளவுக்கு வந்தது. துளை ஒவ்வொன்றையும் சட்டையில் பொத்தான் துளைக்குத் தைப்பதுபோலச் சுற்றித் தைத்தேன். பட்டியை இரண்டு துண்டாக்காமல், ஒரே துண்டாக ஒரு கம்பிக்குள் விட்டு, மணிக்கூட்டின் முதுகுக்குக் கீழால் இழுத்து, மற்றக் கம்பி வழியாக வெளியே எடுத்தேன். அப்படிக் கோர்த்தால் ஒரு கம்பி விட்டுப்போனாலும் மணிக்கூடு நிலத்தில் விழாது. இப்போது நைலோன் பட்டியை இதே மாதிரிக் கோர்த்துவிட்டு, பட்டாளத்துப் பாணி என்று பெயர் சொல்லி விற்கிறார்கள். நான் யாரிடமும் கற்றுச் செய்யவில்லை, கம்பியைக் கழற்ற முடியாததால் வேறு வழி இல்லாமல் செய்தது.

அடுத்த கிழமை வந்து கையில் கட்டிப் பார்த்தவரின் முகம் மலர்ந்துவிட்டது. "இது எங்கட தறிக் கரையெல்லோ!" என்று துணியைத் தடவித் தடவிப் பார்த்தார். எனக்கும் நெஞ்சு நிறைந்துபோயிற்று. பிறகு அந்த விரல் ஓரிடத்தில் நின்றது. கம்பி கூட்டோடு சேரும் மூலையில் மயிரளவு மண் காய்ந்து ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி உள்ளங்கையில் போட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மணிக்கூட்டில எப்பிடி மண்?"

நான் பூதக்கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினேன்.

"இதக் கழுவினீங்களா, தம்பி?"

"கூட்டயும் கொளுக்கியயும் மட்டும்."

"எத்தின தரம்?"

பொய் சொல்லத்தான் நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. "ஏழு" என்றேன்.

"நாய் நக்கினதா?" என்று கேட்டார். ஓம் என்று சொல்லிவிடு என்று கெஞ்சுவதுபோல இருந்தது அவர் குரல்.

"இல்ல, ஹாஜியார். அந்தப் பட்டி."

அவர் உள்ளங்கையில் இருந்த மண்ணைத் தட்டிவிட்டார். பிறகு கோபம் வந்தது. அவ்வளவு கோபமும் என் மேல்தான் வந்தது. "அறியாமத் தொழுததுக்கு அல்லாஹ்ட்ட மன்னிப்பு இரிக்கி. ஆனா அறிஞ்சாத்தானே அவ்வளவையும் நான் திருப்பித் தொழலாம்? ஒரு மாசத் தொழுகையும் மீதி கிடக்க என்ன மௌத்தாகி மண்ணுக்குள்ள போக விட இருந்தீங்களே, தம்பி!" என்றார். எனக்குத் தலை நிமிரவில்லை. நல்லது செய்கிறேன் என்ற நினைப்பில், அவருக்கு எது நட்டம் என்பதை அவருக்குப் பதிலாக நானே தீர்மானித்துவிட்டேன். வாசல்வரை போனவர் திரும்பி, "மகனுக்கு இது தெரியவேணாம். அவன் துடிச்சுப்போவான்" என்றார். நானும் தலையை ஆட்டினேன்.

அதன்பிறகும் கிழமைக்கு ஒருதரம் வந்தார். ஆனால் மாட்டை அவிழ்ப்பதில்லை. கரத்தையில் இருந்தபடியே சுகம் விசாரித்துவிட்டுப் போய்விடுவார். ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னாலும் பழைய தொழுகை ஒன்றைத் திருப்பித் தொழுகிறார் என்று கேள்விப்பட்டேன். கடையில் அந்த ஒரு மணித்தியாலம் இல்லாமற்போனது எனக்குப் பெரிய கவலையாக இருந்தது.

ஹச்சுப் பெருநாளைக்கு மகன் வந்திருந்தான். இருபத்திரண்டு வயது இருக்கும், கொழும்புத் தையலில் கோட்டு. அன்றைக்குத்தான் ஹாஜியார் மறுபடி என் கடைக்குள் வந்து வாங்கில் இருந்தார். தோல் பட்டி உப்புக் காற்றில் பழுதாகிவிட்டது என்று மகனுக்குச் சொல்லி வைத்திருக்கிறார் என்பது அவன் பேச்சில் தெரிந்தது. அவன் கோட்டுப் பையிலிருந்து ஒரு கடதாசிப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தான். "வாப்பாவுக்குப் புதுப் பட்டி கொண்டந்திரிக்கன். இதத் தைச்சுத் தாங்க. என்ட கையில இரிக்கிறதும் இதே சாமான்தான், ஒரு பழுதுமில்ல" என்று கையை நீட்டிக் காட்டினான். மூன்று மூன்றாகப் புள்ளிகள்.

ஹாஜியாரும் அந்தக் கையைக் கண்டார். முகம் வெளுத்துவிட்டது. "துணியே நல்லாத்தான் இரிக்கி மகன், இது இரிக்கட்டும்" என்றார். அன்று என் வாயை அடைத்தது இன்று அவர் வாயை அடைத்திருந்தது. நான் சொன்னால் அவருக்குக் கொடுத்த வாக்கை மீறுவேன். இனி இந்தக் கடைப் பக்கமே வரமாட்டார். சொல்லாவிட்டால் இந்தப் பிள்ளையும் அதைக் கட்டிக்கொண்டே தொழுவான். அவர் பேசட்டும் என்று கொஞ்சம் பார்த்தேன். அவர் வெளியே மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இது பண்டித் தோல்" என்றேன். "வாப்பாட பழைய பட்டியும் இதுதான். நான்தான் வெட்டினன். உங்கட கையில கிடக்கிறதும் இதுதான்."

அவன் என்னைப் பார்த்தான், வாப்பாவைப் பார்த்தான். "வாப்பா, நீங்க இதோடயா தொழுதீங்க?" என்றான். கையை என் பக்கம் நீட்டினான், நான்தான் கொளுக்கியைக் கழற்றிவிட்டேன். பட்டி அவன் வேர்வையில் நனைந்திருந்தது. "கடைக்காரன் நல்ல சாமான் எண்டான், வாப்பா. நான் வாசிச்சுப் பாக்கல்ல" என்று அழத் தொடங்கினான். "தெரியும் மகன், தெரியும்" என்று ஹாஜியார் எழுந்து அவன் தோளைப் பிடித்துக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனார்.

நான் பின்கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுத் தானே வாளியை விட்டுத் தண்ணீர் அள்ளினார். மண்ணைக் கரைத்து மகனின் கையில் ஊற்றித் தேய்த்துவிட்டார். பிறகு வெறும் தண்ணீரை ஊற்றினார், ஒவ்வொரு தரமும் வாயால் எண்ணிக்கொண்டு. ஏழும் முடிந்து மகன் கையை உதறிக்கொண்டு ஒதுங்கினான். ஹாஜியார் வாளியை மறுபடி கிணற்றுக்குள் விட்டார். நிறைந்த வாளியோடு என் பக்கம் திரும்பினார்.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? நீங்களும்தானே தொட்டீங்க. கைய நீட்டுங்க."

எனக்கு அந்தச் சட்டம் இல்லை என்று அவருக்குத் தெரியும். படி இறங்கிப் போய் இரண்டு கையையும் நீட்டினேன்.