சந்தனம் வைத்த முத்திரை

சிசிலியின் பலேர்மோ நகரில், பொலிதேயாமா பகுதியில், சப்பாத்துக் கடைக்கு மேலே மூன்றாம் மாடியில், சீன அரசின் உருக்கு ஆலை ஒன்றுக்கு அலுவலகம் இருந்தது. உருக்கு அங்கே இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கம்பித் துண்டு மட்டும் இருந்தது. அந்தப் பெட்டியைத் துடைப்பது தில்லையம்பலத்தின் வேலை. அதோடு தரை, யன்னல், ஒருவரும் போகாத கழிப்பறை.

கிழமைக்கு ஒருநாள் கணக்காளர் ஃப்ரான்செஸ்கோ வருவார். கோப்பி குடிப்பார், போவார். மற்ற நாட்களில் தொலைபேசிகூட அடிக்காது.

"அந்தக் கொம்பனி என்ன செய்யுது, அப்பா?" என்று மகன் விதுரன் ஒருமுறை கேட்டான். துறைமுகத்தில் பாரந்தூக்கிகளுக்கு மின்வேலை பார்ப்பவன். எது எதனால் ஓடுகிறது என்று தெரியாவிட்டால் அவனுக்குச் சாப்பாடு இறங்காது.

"இருக்குது," என்றார் தில்லையம்பலம்.

அது இருந்தால் போதும். வேலை ஒப்பந்தம் இருந்தால்தான் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கலாம். அவருடையது இருந்தால்தான் மனைவி யோகாம்பாளுடையதும். ஆகவே, சீனாக்காரர் மூன்று பேர் வந்து அலுவலகத்தை மூடப்போகிறார்கள் என்று ஃப்ரான்செஸ்கோ சொன்ன அன்று, தில்லையம்பலம் வீட்டுக்கு வந்து நெடுநேரம் சப்பாத்தைக் கழற்றாமல் இருந்தார்.

"எப்ப வாறாங்களாம்?" என்று கேட்டாள் யோகாம்பாள்.

"சரஸ்வதி பூசைக்கு அடுத்தநாள்."

"அப்ப பூசையை வடிவாச் செய்யுங்கோ. போன வருசம் தும்புத்தடியை மட்டும் வச்சிட்டு வந்தனீங்கள். சரசுவதிக்கு என்ன, கூட்டுற வேலையே?"

இம்முறை அவர் குறை வைக்கவில்லை. அலுவலக மேசையில் சரஸ்வதி படத்தை வைத்தார். அதன் முன்னே தும்புத்தடி, வாளி, கண்ணாடிப் பெட்டி, பிரிண்டர், தொலைபேசி. எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். புகையறியும் கருவிக்குப் பயந்து கற்பூரம் கொளுத்தவில்லை. அவல் படைத்தார். கண்ணை மூடினார்.

திறந்தபோது வாசலில் சீனாக்காரர் மூவரும் நின்றார்கள், ஒருநாள் முந்தி. பின்னால் படியேறிய களைப்போடு ஃப்ரான்செஸ்கோ.

தலைவர் பெயர் வேய். கோட்டு போட்ட ஒல்லி மனிதர். அவர் கண் பிரிண்டரின் நெற்றியிலிருந்த பொட்டில் நின்றது. பிறகு வாளியின் பொட்டில்.

ஃப்ரான்செஸ்கோவுக்கு அது சீன வழக்கமாகப் பட்டது. கம்பனி சீனாவுடையது, வேறு என்னவாக இருக்கும்? தொப்பியைக் கழற்றினார். வேய்க்கு அது சிசிலி வழக்கமாகப் பட்டது. கணக்காளரே தொப்பியைக் கழற்றிவிட்டாரே. வேய் மேசையை நோக்கிக் குனிந்தார். கூட வந்த இருவரும் அவரைவிட ஆழமாகக் குனிந்தார்கள்.

தில்லையம்பலம் அவல் கொடுத்தார். கொடுக்காமல் விடுவது சரியில்லை.

"தொழிற் சாமான்களுக்கு ஓய்வு," என்றார் இத்தாலியனில்.

கூட வந்த இருவரில் ஒருவரான மொழிபெயர்ப்பாளர் சொன்னதைக் கேட்ட வேய், அவலை மென்றபடி யோசித்தார். பிறகு தன் பேனையை எடுத்து வாளிக்குப் பக்கத்தில் வைத்தார். அது போதாதென்று பட்டதோ என்னவோ, பையிலிருந்து சிவப்புப் பட்டுச் சுற்றிய சிறு பெட்டியொன்றையும் எடுத்து வைத்தார். ஆலையின் வெளிநாட்டுச் சொத்துகள் எல்லாவற்றுக்குமான முத்திரை. இரண்டு கப்பல், ஒரு ஹோட்டல், ஒரு வாத்துப் பண்ணை, ஒரு பாலர் பள்ளி, எலுமிச்சைச் சோடாத் தொழிற்சாலையில் பாதி.

தில்லையம்பலம் அதற்கும் சந்தனம் வைத்தார்.

பிறகு மூடுவதற்கு உட்கார்ந்தார்கள். தாளை அச்சடிக்க வேண்டும். ஃப்ரான்செஸ்கோ பிரிண்டரை நோக்கிக் கையை நீட்டினார்.

"ஏலாது," என்றார் தில்லையம்பலம்.

"என்ன ஏலாது?"

"வச்சது வச்சதுதான், சிக்னோர். நாளைக் காலமைதான் எடுக்கலாம்."

 வேலை இந்த நிமிடத்தோடு சரி, யோகாம்பாளுக்கு என்ன சொல்வது என்று நினைத்தார். ஆனாலும் மேசைக்கு முன்னாலிருந்து நகரவில்லை. பூசையில் வைத்ததை எடுக்க விட்டேன் என்று அவளிடம் சொல்வது அதைவிடக் கடினம்.

ஃப்ரான்செஸ்கோ வேயைப் பார்த்தார். வேய் ஃப்ரான்செஸ்கோவைப் பார்த்தார். மற்றவரின் வழக்கத்தை மிதிக்க இருவருக்கும் மனமில்லை.

"காலையில் எத்தனை மணிக்கு?" என்று வேய் கேட்டார்.

"விடிஞ்சாப் பிறகு."

அவர்களுடைய விமானம் விடிவதற்கு முன்.

முத்திரை பலேர்மோவில் தங்கிவிட்டது. காலையில் தில்லையம்பலம் சந்தனத்தைத் துடைத்து, துணிகள் வைக்கும் லாச்சிக்குள் அதைப் பத்திரப்படுத்தினார்.

வாளிக்குப் பக்கத்தில் முத்திரையை வைத்துவிட்டு வந்தேன் என்று சீனாவில் போய்ச் சொல்ல வேயால் முடியவில்லை. பலேர்மோவின் முக்கியத்துவத்தை நேரில் கண்டு, முத்திரையை அங்கேயே ஒப்படைத்ததாகச் சொன்னார். முத்திரை இருக்கும் இடம்தான் தலைமை அலுவலகம். ஆகவே கப்பலும் வாத்தும் பாலர் பள்ளியும் சப்பாத்துக் கடைக்கு மேலிருந்த அலுவலகத்தின் கீழ் வந்தன.

முத்திரை குத்துவது தில்லையம்பலம். ஃப்ரான்செஸ்கோ அதைத் தொட மாட்டார். "உங்கள் கைதான் பழகிய கை, சிக்னோர் தில்லை," என்பார். தில்லையம்பலம் கையைக் கழுவி, தாளை நேராக வைத்து, ஒரே அழுத்தில் குத்துவார். பெர்மெஸ்ஸோ புதுப்பித்தாயிற்று. வருடத்தில் ஒருநாள், சரஸ்வதி பூசையன்று, இரண்டு கப்பல்களும் நின்ற இடத்திலேயே நின்றன. வாத்துகளுக்கு மட்டும் தீனி போடலாம் என்று அவர் விலக்கு அளித்திருந்தார்.

"இப்ப தெரியுதோ, கொம்பனி என்ன செய்யுது எண்டு?" என்று மகனிடம் கேட்டார்.

"இல்லை, அப்பா."

"எனக்கும் இல்லை," என்று சிரித்தார்.

போன மாசியில் வுச்சீரியா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு நின்றபோது அவருடைய இதயம் நின்றது. பை கையிலேயே இருந்தது.

செத்தவீட்டுக்கு ஆளுயர மலர்வளையம் வந்தது. சீன எழுத்து. ஒருவருக்கும் வாசிக்கத் தெரியவில்லை. அதன் பின்னாலிருந்து ஃப்ரான்செஸ்கோ வந்தார். யோகாம்பாளின் கையைப் பிடித்தார். பிறகு விதுரனைத் தனியே கூப்பிட்டு, தான் ஒன்று செய்துவிட்டதாகவும், சரியா பிழையா தெரியவில்லை என்றும் சொன்னார்.

"அலுவலகத்தில் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். எப்போது எடுக்கலாம்?"

இழவுக்கு அப்படி ஒரு வழக்கம் கிடையாது. விதுரன் அதைச் சொல்லவில்லை.

"விடிஞ்சாப் பிறகு," என்றான்.

காலையில் அவனே போனான். பிரிண்டர், தொலைபேசி, கண்ணாடிப் பெட்டி, முத்திரை. பொட்டுகள் கோணலாக இருந்தன. ஒவ்வொன்றாகத் துடைத்தான். பிரிண்டரைப் போட்டுப் பார்த்தான், ஓடியது. வாளியையும் தும்புத்தடியையும் துடைக்கவில்லை. அவை இன்னும் ஓய்விலிருக்கின்றன.