நாலரை மணி பஸ்ஸுக்குள் முடிந்த வினை

என் ஆய்வகத் தோழி புற ஊதா விளக்கின் கீழ் நீட்டிப் பார்க்கும் சிறு தகடு இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. அதில் இரண்டு புள்ளிகள். ஒன்று தொடங்கிய பொருள், மற்றது கிடைக்க வேண்டிய பொருள். முதல் புள்ளி மறைந்தால்தான் வேதிவினை முடிந்ததாக அர்த்தம். அது மறைவேனா என்றிருந்தது.

அப்போது நாகர்கோவிலில் நாங்கள் இருவரும் ஆய்வு மாணவிகள். அவளுடைய வினைக்கு மெத்தனால் என்ற கரைப்பானில் ஒரு பகலும் ஓர் இரவும் வேண்டும். பையன்கள் ஆய்வகத்திலேயே பாயைப் போட்டுப் படுத்துக்கொள்வார்கள். பெண்களுக்கு நான்கு மணிக்குமேல் அனுமதியில்லை. வடசேரியில் நாலரை மணி பஸ்ஸை விட்டால் அவள் ஊரான தேங்காய்ப்பட்டணம் போய்ச் சேர இருட்டிவிடும். இருட்டினால் வீட்டில் படிப்பையே நிறுத்திவிடுவார்கள். ஆகவே தினமும் பாதியில் அணைப்பாள், மறுநாள் மறுபடி சூடாக்குவாள், பொருள் கெட்டுப்போகும். எங்கள் நெறியாளரோ அந்தக் கோடையில் ஓய்வுபெறப் போகிறார். அதற்குள் இந்தப் படியைத் தாண்டாவிட்டால் அவளுக்கு முனைவர் பட்டம் இல்லை.

ஒருநாள் தகட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சொன்னாள். "ஏட்டி, கொழப்பம் மெத்தனால்லயாக்கும்."

வினைபுரிய வேண்டிய அசைடு அயனியை, கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைச் சொந்தக்காரர்கள் மொய்ப்பதுபோல மெத்தனால் மொய்த்துக்கொள்ளும். டி.எம்.எஃப். என்ற கரைப்பான் அதை அப்படிப் பிடித்து வைக்காது. "டி.எம்.எஃப். லேசுல போவாதும்மா, பொருளப் பிரிக்கக் கஷ்டப்படுவ," என்றார் நெறியாளர். அவள் கேட்கவில்லை, அதிலேயே வினையை வைத்தாள். நாங்கள் மதியச் சோறு தின்று பாத்திரம் கழுவி வருவதற்குள் முதல் புள்ளியைக் காணோம். ஐஸ் தண்ணீரில் கொட்டி, ஈதரில் பிரித்து, சலிக்காமல் கழுவிக் கழுவி அந்தக் கரைப்பானை விரட்டினாள். எனக்குத்தான் கண் நிறைந்துவிட்டது. பஸ்ஸுக்கு நேரம் மிச்சமிருந்தது.

இன்று அதே கல்லூரியில் நான் பேராசிரியை. என் மாணவி ஒருத்தியின் மூலக்கூறில், வினை நடக்க வேண்டிய கார்பனைப் பெரிய அணுத் தொகுதிகள் நெருக்கி அடைத்து நிற்கின்றன. அமைப்பே அப்படி. கரைப்பான்களை மாற்றிப் பார்த்துவிட்டோம். வேகம் கொஞ்சம் கூடியதே தவிர, பகலுக்குள் முடியவில்லை. பெண்களுக்கும் இரவில் ஆய்வகத்தைத் திறந்து வையுங்கள் என்று நிர்வாகக் கூட்டத்தில் கேட்டேன்.

"எதுக்கு டீச்சர்? ஒங்க கூட்டுக்காரி நாலு மணிக்குள்ள முடிக்கலியா? இவளும் அதுமாதிரி முடிக்கட்டும்," என்றார் செயலாளர்.

தோழி இப்போது எர்ணாகுளத்தில் ஒரு மருந்துக் கம்பெனியில் இருக்கிறாள். வீட்டுக்கு வந்ததும் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"ஏட்டி, நான் பஸ்ஸுக்குப் பயந்து செஞ்சதாக்கும் அது," என்றாள். "அதையா அந்தப் பிள்ளைக்குச் சட்டமாக்கப் பாக்காவ?"