துண்டில் விழுந்த இரண்டு ஓட்டைகள்

கல்கத்தாவில், பெஹாலா பகுதியில் குடியிருந்தபோது நடந்தது. இன்று நினைத்தாலும் என் கணவர் மேல் எனக்கு ஆத்திரம் பொங்குகிறது.

பறவை பார்க்க ஒரு பெரிய பைனாகுலர் வாங்கி, மொட்டை மாடியில் ஸ்டாண்டில் பொருத்தியிருந்தார். ஒரு ஞாயிறு காலை தென்னை உச்சியில் பருந்துக் கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர், டெலிபோன் மணி கேட்டுக் கீழே ஓடினார். தூசி படக்கூடாதென்று கண் வைக்கும் பக்கத்தில் மட்டும் துண்டைப் போர்த்தினார். முன்பக்கம் திறந்தே கிடந்தது.

வெயில் ஏறி, சூரியன் சரியாகக் கூட்டுக்குப் பின்னால் வந்துவிட்டது. வீட்டுக்கார அம்மாள், நாங்கள் மாசிமா (சித்தி) என்று கூப்பிடுபவர், ஆசையாகப் பறவை பார்க்க வந்து துண்டில் கை வைத்தார். குப்பென்று தீய்ந்த வாடை. துணி உலர்த்திக்கொண்டிருந்த நான் பாய்ந்துபோய் அவரை இழுத்தேன். கண்ணாடிகள் குவித்த வெயிலில் துண்டில் இரண்டு கரிந்த ஓட்டைகள், கண்கள் இருக்க வேண்டிய இடத்தில்.

மேலே வந்த மனிதர் சொன்னார்: "பாத்தியா, நான் துண்டு போட்டதாலதான் மாசிமா கண்ணு தப்பிச்சுது!"

இப்போது நாலு கண்ணாடிக்கும் மூடி போட்டு, பைனாகுலரைத் தரைப்பக்கம் திருப்பிய பிறகுதான் அவரைப் படியிறங்க விடுகிறேன். டெலிபோன் அடித்தால் அடிக்கட்டும். முணுமுணுத்தால், அந்தத் துண்டை அவர் முகத்துக்கு நேரே விரித்துப் பிடிக்கிறேன்.