ஏரிக்கு விழுந்த மார்க்

அலுவலகத்தில் அவளுக்கு மார்க்கம்மா என்று பெயர். எதற்கும் மார்க் போடாமல் விடமாட்டாள். கல்யாணத்துக்கு வந்த வரன்களுக்குக்கூடப் போட்டிருக்கிறாள். கணவர் அதில் இரண்டாவதாகத்தான் வந்தார். முதலில் வந்தவரை ஏன் விட்டாள் என்று அவரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

வீடு கட்டி விற்கும் கம்பெனியில், எந்த நிலத்தை வாங்கலாம் என்று சொல்வது அவள் வேலை. கம்ப்யூட்டரில் ஊர் வரைபடத்தின் மேல் சாலை, குடிநீர், மேடு பள்ளம், மழைநீர் தேங்கும் இடம், கண்ணுக்கு அழகு என்று ஒவ்வொன்றையும் தனித்தனி அடுக்காகப் போர்த்துவாள். எது எவ்வளவு முக்கியம் என்று முதலாளி சொல்ல வேண்டும். அதற்கேற்ப மார்க் கூடிய நிலம் பச்சையாகும், தேறாதது சிவப்பாகும்.

சிக்கலே முதலாளியிடம்தான். ஏரிக்கரையில் ஒரு நிலத்தைப் பார்த்து மனசைப் பறிகொடுத்திருந்தார். மத்தியானச் சாப்பாட்டையே அங்கே காரில் உட்கார்ந்துதான் சாப்பிடுவார். வரைபடத்தில் அது ரத்தச் சிவப்பு. எதைவிட எது முக்கியம் என்று இரண்டிரண்டாக நிறுத்திக் கேட்டாள். குடிநீரைவிடச் சாலை என்றார். அழகைவிடக் குடிநீர் என்றார். சாலையா அழகா என்றதும், இதிலென்ன சந்தேகம், அழகுதான் என்றார். பதில்கள் ஒன்றின் வாலை ஒன்று கடிக்கின்றன என்று பக்குவமாகச் சொல்லிப் பார்த்தாள். கடித்தால் கடிக்கட்டும், அழகுக்கு மார்க்கை ஏற்றுங்கள் என்றார்.

ஏற்றினாள். ஏரிக்கரையின் சிவப்பு மாறவில்லை. இன்னும் ஏற்றச் சொன்னார். கடைசியில் மற்றதெல்லாம் ஒன்றுமில்லாமல் போய், ஊரிலேயே முதல் மார்க் வாங்கிய இடம் பச்சைப் பசேலென்று தெரிந்தது. ஏரியின் நட்டநடு.

"இங்க வீடு கட்ட முடியாது சார். கப்பல் வேணா கட்டலாம்."

முதலாளி மோவாயைத் தடவிக்கொண்டார். சரி, நீங்கள் சொல்லும் இடத்தையே காட்டுங்கள் என்றார்.

அவள் சொன்ன இடம் எல்லா அடுக்கிலும் தேறியிருந்தது. இருவரும் போய் இறங்கியதும் காற்று திரும்பியது. பக்கத்துக் கோழிப்பண்ணை மூக்கைத் துளைத்தது. கைக்குட்டைக்குள்ளிருந்து முதலாளி கேட்டார், "இதுக்கு எத்தனை மார்க்கும்மா?"

நாற்றத்துக்கு அவளிடம் அடுக்கே கிடையாது. ஆனால் ரோஷக்காரி. மறுநாளிலிருந்து ஸ்கூட்டரில் நிலம் நிலமாகப் போய் நின்று, மூக்கை உறிஞ்சிப் பார்த்துக் குறித்து வந்தாள். துணைக்குக் கணவரும் போனார். அவருக்குச் சளி, அதனால் பிரயோஜனமில்லை. புது அடுக்கும் சேர்ந்தபின், தீயணைப்பு நிலையத்துக்குப் பின்னால் யாரும் திரும்பிப் பார்க்காத மேட்டு நிலம் முன்னுக்கு வந்தது. முதலாளி அரை மனதாகத் தலையாட்டினார். வீடுகள் எழும்பின, பூச்சு காயுமுன்பே முக்கால்வாசி விற்றும் போயின.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் முதலாளி போன் செய்தார்.

"ஏரிக்கரையில இருக்கேம்மா. வண்டி சேத்துல இறங்கிடுச்சு. ஆபீஸ்ல யாருக்கும் தெரிய வேண்டாம்."

கணவரைக் கூட்டிக்கொண்டு போனாள். முழங்கால் தண்ணீரில் கார் நின்றது. முதலாளி சாப்பாட்டு டப்பாவை நெஞ்சோடு அணைத்தபடி பக்கத்தில் நின்றார். மூவருமாகத் தள்ளிக் கரையேற்றினார்கள். மூச்சு வாங்கியபடி அவர் திரும்பிப் பார்த்தார்.

"இது அழகா இல்லைன்னு சொல்லுங்க பாப்போம்."

மழை விட்டு, ஏரி முழுக்க வானம் கிடந்தது.

"அழகாத்தான் சார் இருக்கு" என்றாள், செருப்பில் அப்பிய சேற்றை உதறிக்கொண்டே.